எண்ணெய் தீர்ந்துபோன ராத்திரி: அம்ப்ரோவாஸ் பாரே பற்றிக் கொஞ்சம் பேசலாமா?

கூழாங்கல் | ஞாயிறு இரவு 9.10

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு பார்வர்டு. தாடி வைத்த கிழவர் படம். கீழே, ரத்தக்குழாயைக் கட்டி ரத்தத்தை நிறுத்தலாம் என்று உலகிலேயே முதலில் கண்டுபிடித்தவர் இவர்தான், பெயர் அம்ப்ரோவாஸ் பாரே, நவீன அறுவை சிகிச்சையின் தந்தை என்று எழுதியிருந்தது. உண்மையா என்று பார்க்க உட்கார்ந்தவன், அவரே வயதான காலத்தில் எழுதிய போர்க்களப் பயணக் குறிப்புகளின் ஆங்கில மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டேன். படித்து முடிக்கும்போது மணி மூன்று.

1510 வாக்கில் பிரான்சின் லவால் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். டாக்டர் இல்லை, நாவிதர். அந்தக் காலத்தில் அங்கே கட்டி கீறுவது, ரத்தம் எடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் சவரக்கத்தி பிடிப்பவரின் வேலை. பட்டம் பெற்ற வைத்தியர் லத்தீனில் பேசுவார், கத்தியைத் தொடமாட்டார். பாரேவுக்கு லத்தீன் வராது. பாரிஸில் ஓட்டெல்-தியே என்ற பெரிய தர்ம ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் போல வேலை பார்த்தார், அப்புறம் படையோடு இத்தாலிக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே நடந்ததுதான் எனக்குத் தூக்கம் போன இடம். 1537 வாக்கில், டூரின் பக்கம் சண்டை. துப்பாக்கிக் காயத்தில் வெடிமருந்தின் விஷம் ஏறியிருக்கும், அதனால் எல்டர் மரத்து எண்ணெயைக் கொதிக்கக் கொதிக்கக் காயத்துக்குள் ஊற்ற வேண்டும் என்பது ஜியோவன்னி டா விகோ எழுதிய புத்தகத்து விதி. பாரே அதற்கு முன் துப்பாக்கிக் காயத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. மூத்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அவரும் ஊற்றினார். ஒரு கட்டத்தில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. மீதிப் பேருக்கு முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்துப் பூசிக் கட்டினார்.

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றாதவர்கள் விஷம் ஏறிச் செத்துக் கிடப்பார்கள் என்ற பயம். விடிவதற்கு முன்பே எழுந்து ஓடினார். மருந்து பூசியவர்கள் வலி குறைந்து, வீக்கமில்லாமல், ராத்திரி ஓரளவு தூங்கியும் இருந்தார்கள். எண்ணெய் ஊற்றியவர்கள் காய்ச்சலோடு, காயத்தைச் சுற்றி வீங்கி, வலியில் முனகிக்கொண்டிருந்தார்கள். இனி துப்பாக்கிக் காயம் பட்டவனை இப்படிச் சுடமாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்கிறார்.

இதில் விஷயம் தெரிந்தவர்கள் வாருங்கள். அந்த பார்வர்டு சரியா, தப்பா?

முறுக்குமீசை | ஞாயிறு இரவு 9.48

தப்பு. ரத்தக்குழாயைக் கட்டுவது ரோமானியர் காலத்திலேயே தெரியும். செல்சஸ் எழுதியிருக்கிறார், காலன் எழுதியிருக்கிறார். அப்புறம் ஸ்பெயினின் கோர்டோபாவில் அல்-சஹ்ராவி என்ற அரபு சர்ஜன். பாரே பிறப்பதற்கு ஐந்நூறு வருடம் முந்தைய ஆள். யாரையாவது தந்தை ஆக்கினால்தான் நம்மாட்களுக்குத் தூக்கம் வரும்.

எண்ணெய்க் கதையும் அப்படித்தான். எண்ணெய் தீர்ந்தது அதிர்ஷ்டம். ஒரு குடம் கூட இருந்திருந்தால் அவரும் ஊற்றிக்கொண்டேதான் இருந்திருப்பார்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். அதே டூரினில் துப்பாக்கிக் காயத்துக்குப் பேர்போன ஒரு சர்ஜன் இருந்தார். அவருடைய ரகசியத் தைலத்தின் செய்முறைக்காகப் பாரே இரண்டு வருடம் அவர் பின்னால் அலைந்து, பரிசு கொடுத்து, காக்காய் பிடித்து வாங்கினார். என்ன தைலம் தெரியுமா? அப்போதுதான் பிறந்த நாய்க்குட்டிகளை லில்லி எண்ணெயில் வேகவைத்து, மண்புழு போட்டு, டர்பன்டைன் கலப்பது. இதைக் கேட்டுப் பாரே பூரித்துப்போனார். உங்கள் நவீனத் தந்தை!

பழையபுத்தகம் | ஞாயிறு இரவு 10.30

முறுக்குமீசை தம்பி, நாய்க்குட்டித் தைலம் உண்மைதான். ஆனால் அது நமக்கு எப்படித் தெரியும்? பாரே எழுதியதால்தான். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவன், அந்தப் பழைய பிரெஞ்சைத் தடவித்தடவி வாசித்திருக்கிறேன். அவர் எழுத்து முழுக்க அப்படித்தான் இருக்கும். தான் பயந்ததையும் அசட்டுத்தனமாக அலைந்ததையும் மறைக்கமாட்டார். அந்த சர்ஜன் ரகசியமாக வைத்திருந்ததை இவர் அச்சிலேயே போட்டுவிட்டார்.

அச்சு என்றதும் இன்னொன்று. 1545-இல் துப்பாக்கிக் காயங்கள் பற்றிய முதல் புத்தகம் போட்டார், பிரெஞ்சில். லத்தீன் தெரியாத நாவிதர்கள் படிக்க வேண்டுமே. பாரிஸ் மருத்துவப் பள்ளிக்காரர்களுக்கு இது பிடிக்கவேயில்லை. 1575-இல் மொத்த எழுத்துகளையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தபோது தடுத்து நிறுத்தப் பார்த்தார்கள். பாரே அதற்குள் அரசரின் முதல் சர்ஜன்; தடுக்க முடியவில்லை.

ரத்தக்குழாய் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று அவர் சொல்லவே இல்லை. காலன் சொன்னது, இன்னார் சொன்னது என்று பட்டியலே போடுகிறார். காயத்தில் ரத்தம் பீறிட்டால் குழாயைக் கட்டலாம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அப்படியானால் காலை எடுக்கும்போது ஏன் கட்டக்கூடாது? அவருடைய கேள்வி இவ்வளவுதான். அதுவரை காலை அறுத்ததும் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வெட்டுவாயில் வைத்துப் பொசுக்குவார்கள்.

1552-இல் தான்வில்லியே முற்றுகை. ரொஹான் பிரபுவின் ஆள் ஒருவருக்குப் பீரங்கிக் குண்டில் கால் போனது. பாரே காலை எடுத்தார், இரும்பு வைக்கவில்லை, நூலால் கட்டினார். அந்த மனிதர் மரக்காலோடு சந்தோஷமாக வீடு திரும்பினார், சூடு வாங்காமல் மலிவாகத் தப்பித்தேன் என்று சொல்லிக்கொண்டே. இதையெல்லாம் 1564-இல்தான் அச்சில் போட்டார். பன்னிரண்டு வருடம் கழித்து.

தியேட்டர்சிஸ்டர் | திங்கள் காலை 6.15

நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கிறேன். பத்தொன்பது வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறேன், நான் ஒன்று சொல்லலாமா?

பாரே பயன்படுத்திய இடுக்கிக்குக் காக்கை மூக்கு என்று பெயராம். படம் பார்த்தேன். வளைந்த அலகு மாதிரி முனை, அதனால் குழாயின் நுனியைக் கவ்வி இழுத்து, இரட்டை நூலால் முடிச்சு. எங்கள் டிரேயில் இருக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸுக்கு அது கொள்ளுப்பாட்டி. எங்களுடையதில் பிடியில் பல் இருக்கும், கிளிக் கிளிக் என்று பூட்டிக்கொள்ளும். டாக்டர் கையை நீட்டும்போது அது உள்ளங்கையில் சத்தத்தோடு விழவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், சின்னச் சின்னக் குழாய்களை இப்போது நாங்கள் கட்டுவதில்லை. சுடுகிறோம். காட்டரி பென்சிலின் பட்டனை அமுக்கினால் மின்சாரத்தில் நுனி பொசுங்கி அடைந்துவிடும், கொஞ்சம் புகை, கருகின வாசனை. பெரிய குழாய் என்றால் மட்டும் கட்டு. பாரே விரட்டிவிட்ட சூடு பிளக்கில் சொருகிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது!

வெறும்வாசகி | திங்கள் காலை 8.02

சிஸ்டர், காலையில் இட்லியோடு இதைப் படித்தேன். இனிமேல் எச்சரிக்கை போட்டுவிட்டு எழுதுங்கள் 🙏

முறுக்குமீசை | திங்கள் மதியம் 1.20

பழையபுத்தகம் ஐயா, வாதத்தை விட்டுக்கொடுக்கிறேன், முதல் ஆள் என்று அவரே சொல்லவில்லை என்பது வரைக்கும். ஆனால் அடுத்த கேள்வி. நூல் கட்டியதால் எத்தனை பேர் பிழைத்தார்கள்? பாரேவுக்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் நிறைய சர்ஜன்கள் இரும்பைத்தான் வைத்தார்கள். முட்டாள்கள் என்றா? தொடையில் காலை எடுக்கிறார்கள். மயக்க மருந்து கிடையாது, ஆள் திமிறுகிறான். ஒவ்வொரு குழாயாகத் தேடிப் பிடித்துக் கட்டுவதற்குள் மொத்த ரத்தமும் போய்விடும். பழுத்த இரும்பு என்றால் ஒரே தடவை. போர்க்களத்தில் உதவிக்கு ஆள் இல்லாத சர்ஜன் எதைச் செய்வான்? ழான் லூயி பெத்தி 1718-இல் திருகு வைத்த டூர்னிக்கெட், அதாவது காலை இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை, கொண்டுவந்த பிறகுதான் நிதானமாகக் கட்ட முடிந்தது.

அதோடு, கட்டிய நூலே அழுக்கு நூல். நூலின் வாலை வெளியே தொங்கவிட்டு, உள்ளே சீழ் பிடித்துத் தானாக அறுந்து வரும்வரை காத்திருப்பதுதான் அன்றைய வழக்கம். அது அறுந்து வரும் நாளில் திரும்பவும் ரத்தம் பீறிட்டால் ஆள் காலி. 1867-இல் லிஸ்டர் என்ற சர்ஜன் வந்து நூலையும் கையையும் கார்பாலிக் அமிலத்தில் முக்கிய பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

பழையபுத்தகம் | திங்கள் மாலை 5.55

நல்ல கேள்வி. பாதி சரி. மறுபாதி: பாரே அறுக்கும் இடத்துக்கு மேலே ஒரு பட்டையை இறுக்கிக் கட்டச் சொல்கிறார், மூன்று காரணத்தோடு. தோலும் தசையும் மேலே ஏறி நின்று அறுத்த பிறகு எலும்பை மூட உதவும், ரத்தம் குறையும், உணர்ச்சி கொஞ்சம் மரத்துப்போகும். திருகு இல்லை, வேண்டியபோது தளர்த்தி வேண்டியபோது இறுக்க முடியாது. ஆனால் யோசனை இருக்கிறது.

இரும்பைப் பற்றி அவருடைய புகார் வலி மட்டும் இல்லை. பொசுங்கிய பொருக்கு சில நாளில் கழன்று விழும், அப்போது மறுபடி ரத்தம் வரும், மறுபடி இரும்பு, மறுபடி சதை போகும். கடைசியில் எலும்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நூல், இரும்பு இரண்டிலுமே ரத்தம் திரும்பி வரும் ஆபத்து இருக்கிறது என்றால், எதில் மனிதன் குறைவாக அலறுவான் என்று பார்ப்பதில் என்ன தப்பு?

மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த எத்தியென் கூர்மெலன், இந்த நூல் கட்டும் முறையைத் திட்டி லத்தீனில் எழுதினார். பாரே 1585-இல் பதில் எழுதினார். அதில் கூர்மெலனை அவர் அழைப்பது "என் சின்ன வாத்தியாரே" என்று! நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறீர்கள், இந்தத் தொழில் கண்ணாலும் கையாலும் கற்பது, நான் போன ஊர்களைச் சொல்கிறேன் கேளுங்கள் என்று ஆரம்பித்து ஒவ்வொரு போராக விரிக்கிறார். கூழாங்கல் படித்த பயணக் குறிப்பு அதுதான். எழுபது வயது தாண்டிய மனிதர் கோபத்தில் எழுதிய பதில் கடிதம், இன்று அவருடைய வாழ்க்கைக் கதையாக நிற்கிறது.

லேத்துப்பட்டறை | திங்கள் இரவு 8.40

எனக்கு மருத்துவம் தெரியாது, லேத் தெரியும். பாரே புத்தகத்தில் ஒரு இரும்புக் கையின் படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். பிரித்து வரைந்த படம். விரலுக்கு ஒரு பல்சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தகட்டு ஸ்பிரிங். விரலை மற்ற கையால் மடக்கினால் பூட்டிக்கொள்ளும், ஒரு விசையை அமுக்கினால் படக்கென்று விரியும். கடிவாளம் பிடிக்க, கத்தி பிடிக்கப் போதும். செய்தது பாரிஸில் ஒரு பூட்டுத்தொழிலாளி, அவரைக் குட்டி லொரேன்காரர் என்று அழைப்பார்களாம். பாரே அந்தப் பெயரை விடாமல் எழுதி வைத்தது எனக்குப் பிடித்தது. பெரும்பாலும் பட்டறைக்காரன் பெயரை யார் போடுகிறார்கள்?

வசதியுள்ளவருக்கு முட்டியில் பூட்டு வைத்த கால். நடக்கும்போது விறைத்து நிற்கும், உட்காரும்போது விசையை இழுத்தால் மடங்கும். ஏழைக்கு வெறும் மரக்கட்டைக் கால், அதற்கும் தனிப் படம் போட்டிருக்கிறார். அந்தக் கையை ஒருதடவை செய்து பார்க்க ஆசை. படத்தில் ஸ்பிரிங் எங்கே ஊன்றுகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

கூழாங்கல் | திங்கள் இரவு 10.15

இல்லாத காலில் வலிக்கிறது என்று ஆட்கள் அழுவதையும் அவர் எழுதியிருக்கிறார். காலை எடுத்து மாதக்கணக்கு ஆன பிறகும் அந்தக் கால் வலிக்கிறது என்கிறார்கள், கேட்பவர் நம்பமாட்டார், ஆனால் உண்மை என்று.

முறுக்குமீசைக்குத் தீனி போட இன்னும் இரண்டு. 1573-இல் விசித்திரப் பிறவிகள் பற்றி ஒரு புத்தகம். ஒட்டிப் பிறந்த இரட்டையரும் இருக்கிறார்கள், கடல் துறவி போல இருக்கும் மீனும் இருக்கிறது. காரணப் பட்டியலில் முதலில் கடவுளின் மகிமை, அடுத்து கடவுளின் கோபம், அப்புறம் விந்து அதிகம், விந்து குறைவு, கர்ப்பிணியின் கற்பனை, கடைசியில் பேய் பிசாசு.

இரண்டாவது, பெசோவார் கல். ஆட்டின் வயிற்றில் கிடைக்கும் கல், எந்த விஷத்தையும் முறிக்கும் என்று பெரிய விலை. ஒன்பதாம் சார்லஸ் அரசருக்கு ஒன்று கிடைத்தது. எல்லா விஷமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே முறிவு இருக்க முடியாது, சோதித்துப் பாருங்கள் என்றார் பாரே. இரண்டு வெள்ளித் தட்டுத் திருடியதற்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஒரு சமையல்காரர் இருந்தார். விஷம் குடி, கல் காப்பாற்றினால் உயிர் உனக்கு என்றார்கள். அவர் ஒப்புக்கொண்டார். ரசகற்பூரம் மாதிரி ஒரு பாதரச விஷம். பாரே போய்ப் பார்த்தபோது அவர் நாலு காலில் மிருகம்போல நின்றுகொண்டு, நாக்கு வெளியே தள்ளி, தூக்கிலேயே செத்திருக்கலாம் என்று கத்திக்கொண்டிருந்தார். ஏழு மணி நேரத்தில் இறந்தார். கல்லை அரசர் நெருப்பில் போடச் சொல்லிவிட்டார்.

இதைப் பாராட்டுவதா, திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வாதம் சரி. ஆனால் இரண்டு தட்டு.

முறுக்குமீசை | திங்கள் இரவு 10.31

திட்டலாம். நான் கூட வருகிறேன்.

வெறும்வாசகி | செவ்வாய் காலை 7.45

வெங்காயம் பற்றி யாரும் சொல்லவில்லையே? பிரபு வீட்டுச் சமையல் பையன் ஒருவன் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் விழுந்துவிட்டான். பாரே மருந்துக்கடைக்கு ஓட, அங்கிருந்த ஒரு கிராமத்துக் கிழவி, பச்சை வெங்காயத்தை உப்புப் போட்டு இடித்து வை, கொப்புளம் வராது என்றாளாம். வைத்தார். வைத்த இடத்தில் கொப்புளம் இல்லை, வைக்காத இடத்தில் இருந்தது. அதோடு விடவில்லை. வெடிமருந்தில் முகம் வெந்த ஒரு ஜெர்மன் காவலனுக்கு முகத்தில் பாதிக்கு வெங்காயம், பாதிக்கு வழக்கமான மருந்து என்று வைத்துப் பார்த்தார்! எண்ணெய் தீர்ந்தது அதிர்ஷ்டம் என்று ஒத்துக்கொண்டால்கூட, இது அதிர்ஷ்டமா?

தியேட்டர்சிஸ்டர் | செவ்வாய் காலை 8.10

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் யாரும் வெங்காயம் வைக்காதீர்கள்! தீப்பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பேஸ்ட்டும் வேண்டாம், இங்க்கும் வேண்டாம்.

பழையபுத்தகம் | செவ்வாய் மதியம் 2.20

ஆஸ்பத்திரி என்றதும் அவர் தோற்ற இடமும் ஞாபகம் வருகிறது. 1559 ஜூன் 30, பாரிஸில் விளையாட்டு ஈட்டிச் சண்டை. உடைந்த ஈட்டியின் சிம்பு இரண்டாம் ஹென்றி அரசரின் கண் வழியாகப் புகுந்தது. பாரேவும் இருந்தார், பிரஸ்ஸல்ஸிலிருந்து உடற்கூறு வல்லுநர் வெசாலியஸும் வந்தார். அந்த நூற்றாண்டின் இரண்டு பெரிய கைகள் ஒரே கட்டிலுக்குப் பக்கத்தில், ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜூலை 10-இல் அரசர் இறந்தார். திறந்து பார்த்தபோது அடிபட்ட பக்கத்துக்கு எதிர்ப்புறம், பின்மண்டையில் ரத்தம் கட்டியிருந்ததைப் பாரே குறித்து வைத்தார்.

வெறும்வாசகி | செவ்வாய் மாலை 6.30

"நான் கட்டுப் போட்டேன், கடவுள் குணப்படுத்தினார்" என்பதும் இவர்தானே?

கூழாங்கல் | செவ்வாய் மாலை 6.52

ஆமாம். லவாலில் சிலையின் கீழே பொறித்திருக்கிறார்கள். ஆனால் முதலில் சொன்னது ரொம்பச் சாதாரணமாக. கணுக்காலில் குண்டு பட்ட ரா என்ற கேப்டனைப் பற்றிய ஒரே வரி. அந்த இத்தாலிப் பயணத்திலேயே.

அதே பயணத்தில் இன்னொன்று, இதை எழுதலாமா என்று யோசித்தேன். குதிரையைக் கட்ட ஒரு தொழுவத்துக்குள் போகிறார். செத்த சிப்பாய்கள் நாலு பேர். சுவரில் சாய்ந்தபடி இன்னும் மூன்று பேர், முகமெல்லாம் வெந்து, கண் தெரியாமல், பேச்சில்லாமல், உடுப்பில் வெடிமருந்து இன்னும் புகைந்துகொண்டு. ஒரு கிழட்டுச் சிப்பாய் வந்து, பிழைப்பார்களா என்று கேட்டான். மாட்டார்கள் என்றார். அவன் போய் மூன்று பேர் கழுத்தையும் மெதுவாக, கோபமில்லாமல் அறுத்தான். நீ கெட்டவன் என்று பாரே கத்தினார். எனக்கு இந்த நிலை வந்தால் இதே உதவியைச் செய்ய ஒருவன் வரவேண்டும் என்று கடவுளை வேண்டுகிறேன் என்றான் அவன். பாரே அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை, அடுத்த சம்பவத்துக்குப் போய்விடுகிறார்.

தியேட்டர்சிஸ்டர் | புதன் இரவு 11.05

எனக்குப் பிடித்தது கத்தியும் இல்லை, நூலும் இல்லை. 1569-இல் ஓரே என்ற பிரபுவுக்குப் பார்த்த வைத்தியம். மோன்ஸ் ஊர்ப் பக்கம். முட்டிக்கு மேல் குண்டு பட்டு ஏழு மாதம். தொடை முழுக்கச் சீழ். பின்புறம் உள்ளங்கை அகலம் படுக்கைப்புண். வலியில் தொடவிடாததால் இரண்டு மாதமாகப் படுக்கை விரிப்பையே மாற்றவில்லை. பாரே பார்த்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போய் நடந்தார், இவரைச் சாகாமல் எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்துக்கொண்டு.

அப்புறம் சீழுக்கு வழி வெட்டினார், சரி. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு கட்டில் போடச் சொன்னார். மெத்தை, சுத்தமான விரிப்பு, வேறு சட்டை. ஆளை மெதுவாக அதற்கு மாற்றினார்கள். பூவும் வாசனையும் வைத்தார்கள். தூக்கம் வரவில்லை என்றபோது, உயரத்திலிருந்து ஒரு கொப்பரையில் தண்ணீர் சொட்டச் சொட்ட விட்டு மழைச் சத்தம் உண்டாக்கினார். கொஞ்சம் தேறியதும் வயலின்காரரும் ஒரு கோமாளியும். படுக்கைப்புண் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதில் எது பெரிய வேலை என்று.

லேத்துப்பட்டறை | புதன் இரவு 11.30

சிஸ்டர், அந்தக் கொப்பரை எவ்வளவு உயரத்தில்? அதைச் செய்துவிடலாம், கையைவிட சுலபம்.

முறுக்குமீசை | வியாழன் காலை 9.00

1572 புனித பார்த்தலோமியோ இரவில் புராட்டஸ்டன்ட் ஆட்களை வெட்டிக் கொன்றபோது, அரசர் பாரேவைத் தன் உடுப்பு அறையில் ஒளித்துக் காப்பாற்றினார் என்று பிராந்தோம் என்ற அந்தக் கால எழுத்தாளர் எழுதினார். இரண்டு நாள் முன்பு குண்டடி பட்ட புராட்டஸ்டன்ட் தலைவர் கொலிஞி தளபதிக்குக் கட்டுப் போட்டவர் பாரே, அது உறுதி. ஆனால் பாரே புராட்டஸ்டன்ட்தானா என்றே சண்டை. கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணம்; 1590 டிசம்பர் 20-இல் இறந்தபோது அடக்கமும் கத்தோலிக்கக் கோவிலில். அடுத்த பார்வர்டு வருவதற்கு முன்பே சொல்லி வைக்கிறேன்.

நூல் கட்டும் விஷயத்தில் நான் தோற்றேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். தந்தை என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன்.

தியேட்டர்சிஸ்டர் | சனி காலை 6.40

வார்டில் ஒரு தாத்தா, சர்க்கரையில் கால் எடுத்து ஐந்தாவது நாள். இல்லாத பாதம் எரிகிறது என்று மூன்று ராத்திரியாகத் தூங்கவில்லை. நேற்று வார்டில் இருக்கும் தோழியிடம் கேட்டுக்கொண்டு, மாத்திரை கொடுத்த பிறகு என் போனில் மழைச் சத்தம் போட்டுத் தலைமாட்டில் வைத்தேன். கொப்பரைக்கு எங்கே போவது!

கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கிடந்தார். அப்புறம் திடீரென்று விழித்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, மழை பிடிச்சிடுச்சே, கொடியில துணி கிடக்கு, எடுக்கச் சொல்லு" என்றார். எடுத்துவிட்டார்கள் தாத்தா என்றேன். தூங்கிவிட்டார்.